வேலையை விட முன்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வேலையை விடுவது பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயரையும் வேலை இடத்தையும் தவிர்த்துள்ளோம். பதில்கள் இலங்கைச் சட்டத்தின்படி.

கேள்வி (கிளிநொச்சி): தனியார் கொம்பனி ஒன்றில் விற்பனை மேற்பார்வையாளராக 9 வருடமும் 10 மாதமும் முடிந்துவிட்டது. அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபா, பயணப்படி 12,000. மனைவி வீட்டில் தைத்து மாதம் 10,000 வரை உழைப்பா. இரண்டு பிள்ளைகள், அம்மாவும் எங்களோடு. மோட்டார் சைக்கிள் லீசிங் போகிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டரை ஏக்கர் குத்தகைக்கு விதைத்திருக்கிறேன். புது மனேச்சரோடு ஒத்துவரவில்லை. மார்கழியோடு விடப்போகிறேன், வேறு வேலை இன்னும் பார்க்கவில்லை. ஈ.பி.எப் காசை எடுத்தால் ஆறேழு மாதம் தள்ளலாம்தானே?

பதில்: அந்தக் காசை எடுக்க முடியாது. ஈ.பி.எப் என்கிற ஊழியர் சேமலாப நிதி ஆணுக்கு 55 வயதில், பெண்ணுக்கு 50 வயதில்தான் கைக்கு வரும். நிரந்தரமாக வெளிநாடு போகிறவர், உழைக்க முடியாதபடி இயலாமற்போனவர், ஓய்வூதியமுள்ள அரச வேலைக்கு மாறுகிறவர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. வேலையை விட்டது ஒரு காரணமே அல்ல. வன்னியில் இந்தக் காசை நம்பிக் கடிதம் கொடுத்துவிட்டுத் தொழில் அலுவலகப் படியேறி வெறுங்கையோடு திரும்பியவர்கள் கொஞ்சப்பேர் இல்லை.

உங்களுக்கு வரக்கூடியவை வேறு இரண்டு.

ஒன்று, ஈ.ரி.எப் என்கிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. முதலாளி மாதாமாதம் உங்கள் சம்பளத்தின் 3 வீதத்தைத் தன் கையிலிருந்து கட்டுவது. வேலையை விட்டால் வயது பாராமல் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். உங்கள் சம்பளம் இத்தனை வருடத்தில் சராசரி 35,000 என்று வைத்தால் மாதம் 1,050, அதை 118 மாதத்தால் பெருக்க 123,900. இதன்மேல் வட்டி. இடையில் ஒருமுறை எடுத்திருந்தால் அந்தத் திகதியைப் பாருங்கள்.

மற்றது பணிக்கொடை, அதாவது கிராச்சுவிட்டி. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். பயணப்படியை இதில் சேர்க்க மாட்டார்கள், 50,000ஐ வைத்துக் கணக்குப் பாருங்கள். இதில் ‘முடித்த’ என்ற சொல்தான் உங்கள் காசு. மார்கழியில் விட்டால் 9 வருடத்துக்கு 225,000. மாசி முடியும்வரை இருந்தால் 10 வருடத்துக்கு 250,000. மனேச்சரின் முகத்தை இன்னும் இரண்டு மாதம் பார்ப்பதற்கு 25,000 ரூபாவும் இரண்டு மாதச் சம்பளமும் கிடைக்கிறது.

மாசி வரை பொறுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் வயல். காலபோகம் ஐப்பசியில் விதைத்தது, மார்கழியில் நெல் யூரியா கேட்கும், மருந்தும் கேட்கும். வயல் காசைத் தின்னும் மாதத்தில் சம்பளத்தை நிறுத்தினால் கடையில் கடன் கொப்பி தடிக்கும். மாசியில் வெட்டு மெசின் இறங்கியபின் நிலைமை வேறு. ஐந்து பேருள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் கிலோ அரிசி என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு 315 கிலோ வேண்டும். நெல்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகும், ஆகவே 480 கிலோ நெல், அதாவது 23 புசல். 25 புசலை ஒதுக்கிக் காயவைத்து மூட்டை கட்டிய பிறகு மிச்சத்தை வில்லுங்கள். வரம்படியில் வந்து நிற்கும் வியாபாரிக்கு முழுவதையும் ஈர நெல்லாகக் கொடுத்துவிட்டு வைகாசியில் கடை அரிசி வாங்குவதுதான் இங்கே வழக்கமான நட்டம். நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதானால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேலே போகக்கூடாது, அதற்குக் காயவிடத் தளமும் இரண்டு மூன்று நல்ல வெயிலும் தேவை. சிறுபோகத்தை வருமானக் கணக்கில் போடாதீர்கள். குளத்து நீரைப் பார்த்து விவசாயிகள் கூட்டத்தில்தான் எத்தனை ஏக்கர் என்று முடிவாகும். குத்தகைக் காணிக்குப் பங்கு வரும் என்று யாரும் உறுதி சொல்ல ஏலாது.

இனி வீட்டுக் கணக்கு. சொந்த அரிசி இருக்கிறது, வேலைக்கு ஓடும் பெற்றோல் இல்லை என்று வைத்துக் குறைத்துப் போட்டால்: அரிசி தவிர்ந்த சாப்பாட்டுச் சாமான் 20,000, லீசிங் 13,500, பள்ளிக்கூட வான் ரியூசன் 9,000, சீட்டு 5,000, கரண்டும் தொலைபேசியும் 4,000, அம்மாவின் மருந்து 3,000, பெற்றோல் 3,000. மொத்தம் 57,500. தையல் காசைக் கழித்தால் 47,500. உங்கள் தொகைகளை இதே வரிசையில் போட்டுப் பாருங்கள். பணிக்கொடையும் ஈ.ரி.எப்பும் சேர்ந்து 373,900. அதில் 50,000ஐ ஆஸ்பத்திரி, செத்தவீடு, கலியாணவீடு என்று தொடாமல் வைத்தால் மிச்சம் ஆறரை மாதத்துக்குச் சற்று மேல் ஓடும். கொம்பனியில் எடுத்த கடனோ முற்பணமோ இருந்தால் அதையும் கழியுங்கள்.

பணிக்கொடையை விலகிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் 10 வீதத்தில் தொடங்கி 30 வீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டிவரும். அப்படியிருந்தும் பிந்தும். ஆகவே முதல் இரண்டு மாதச் செலவுக்கு இந்த இரண்டு காசையும் நம்பாமல் வேறு காசு, ஏறக்குறைய ஒரு லட்சம், சேமிப்புப் புத்தகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதைச் சேர்க்கும்வரை கடிதம் மேசை லாச்சிக்குள் இருக்கட்டும்.

லீசிங்காரரோடு இப்போதே, சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே பேசுங்கள். தவணையை நீட்டிக் கட்டுத்தொகையைக் குறைக்க முடியுமா, மொத்தமாக எவ்வளவு கூடுதலாகப் போகும் என்று எழுத்தில் கேளுங்கள். தவணை தவறிய பிறகு போனால் பிந்திய கட்டணமும் சேர்ந்துதான் பேச்சே தொடங்கும். உங்கள் கடனுக்குப் பிணை வைத்தது யார் என்பதையும் நினையுங்கள். இங்கே பிணைகாரர் பெரும்பாலும் மச்சான் முறையான ஒரு ஆசிரியராகவோ அரச உத்தியோகத்தராகவோதான் இருப்பார். நீங்கள் தவறினால் அடுத்த கடிதம் அவருக்குத்தான் போகும். வேலையை விடப்போவதை மறைத்து, இருக்கும்போதே புதுக் கடன் எடுத்து வைப்போம் என்ற யோசனை வேண்டாம். சம்பளம் நிற்கும் மாதத்தில்தான் அதன் தவணை தொடங்கும்.

ஒரு சின்ன விஷயம். மாசியில் உங்களுக்குப் பத்து வருடம் முடிகிறது. பத்து வருடம் கட்டி, கணக்கில் 300,000க்குக் குறையாமல் இருந்தால் ஈ.பி.எப்பில் 30 வீதத்தை வீட்டுத் தேவைக்கோ சிகிச்சைக்கோ முன்கூட்டி எடுக்கலாம். அது வேலையில் இருக்கும் உறுப்பினருக்கான சலுகை. பாதியில் நிற்கும் வீடு இருந்தால் விலக முதல் விண்ணப்பியுங்கள். சாப்பாட்டுச் செலவுக்கு அது கிடையாது.

கேள்வி (வவுனியா): எங்கள் கிளையை மூடப் போகிறார்களாம். “நீங்களாக விலகுவதாக எழுதித் தந்தால் ஒரு மாதச் சம்பளம் கூட்டித் தருவோம், நல்ல சான்றிதழும் தருவோம்” என்கிறார்கள். 6 வருடம் முடித்துவிட்டேன். சம்பளம் 40,000. எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். 15 பேருக்குக் குறையாத நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணமில்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்று 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. நீங்கள் எழுதிக் கொடுக்கும் அந்த ஒரு தாள் அவர்களை இந்தச் சட்டத்திலிருந்து கழற்றி விடுகிறது. அதனால்தான் இவ்வளவு பரிவு. உங்கள் கிளையில் ஐந்து பேர்தான் என்றாலும் கொம்பனி முழுவதையும்தான் எண்ண வேண்டும்.

ஆணையாளர் வழியாகப் போனால் நட்டஈட்டுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், ஆறாவது வருடத்திலிருந்து பதினான்காவது வரை வருடத்துக்கு இரண்டு மாதம், அதன்மேல் படிப்படியாகக் குறையும். உங்களுக்குப் பன்னிரண்டரையும் இரண்டும், பதினாலரை மாதம். 40,000 ஆல் பெருக்க 580,000. பணிக்கொடை 120,000 இதற்குப் புறம்பு. ஒரு மாதச் சம்பளத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

அறைக்குள் கூப்பிட்டு வைத்துக் கையெழுத்துக் கேட்டால் “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன், பிரதி ஒன்று தாருங்கள்” என்று வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். வேலைக்கு வரவேண்டாம் என்று வாயால் சொன்னால் மறுநாளும் போங்கள், உள்ளே விடாவிட்டால் அன்றே பதிவுத் தபாலில் அதை எழுதி அனுப்புங்கள். போகாமல் வீட்டிலிருந்தால் ‘தானாக வேலையைக் கைவிட்டார்’ என்று எழுதுவார்கள். முறைப்பாட்டுக்கு ஆறு மாதம்தான் அவகாசம், தொழில் ஆணையாளருக்கும் அப்படி, தொழில் நியாய சபைக்கும் அப்படி. ஏற்கெனவே கையெழுத்து வைத்தவர்களும் நியாய சபைக்குப் போகலாம். வற்புறுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் கையெழுத்து வைத்தவர்களின் தலையில் விழும் என்பதுதான் வித்தியாசம்.

கேள்வி (மாங்குளம்): கடையில் நான்கு வருடம். ஈ.பி.எப் என்று மாதம் கழிக்கிறார்கள், கட்டுகிறார்களா தெரியாது. விட்டபின் கேட்கலாமா?

பதில்: விட முதலே பாருங்கள். உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளி தன் பங்காக 12 வீதம், மொத்தம் 20. அந்த 12ஐ உங்கள் சம்பளத்தில் கை வைத்து எடுக்க அவருக்கு உரிமையில்லை. இந்த மாதச் சம்பளத்துக்குரிய காசு அடுத்த மாதம் முடிவதற்குள் மத்திய வங்கிக்குப் போயிருக்க வேண்டும். உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இலக்கம் தர இழுத்தடித்தாலே பாதி விடை கிடைத்துவிட்டது. கட்டாமல் விட்டால் நிலுவையின்மேல் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் முதலாளிக்கு விழும்.

தொழில் அலுவலகத்தில் முறையிடலாம், உங்கள் பெயரை வெளியே விடவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளலாம். சம்பளச் சீட்டு இல்லையென்றால் சம்பளம் வந்த வங்கிப் புத்தகம், கையெழுத்து வைத்த வரவுப் பதிவேட்டின் படம், கடைப் பெயர் போட்ட பில்லில் உங்கள் கையெழுத்து, எல்லாம் சாட்சி.

கட்டியிருந்தாலும் ஒரு சிக்கல் வரும். தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தில் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி எழுதப்பட்டிருக்கும். தகப்பன் பெயர் முன்னும் பின்னுமாக இருக்கும். இடம்பெயர்வில் அடையாள அட்டையைத் துலைத்துப் பிறகு எடுத்தவர்கள் சிலரிடம் இப்போதிருப்பது 12 இலக்கம், நிதியில் பதிந்திருப்பது பழைய ‘வீ’ இலக்கம். காசு கேட்கப் போகும் நாளில் இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட முதலாளியின் கடிதம் கேட்பார்கள். மனக்கசப்போடு பிரிந்தபிறகு அந்தக் கடிதம் வாங்குவது லேசில்லை. இன்றைக்கே திருத்துங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): கண்ணிவெடி அகற்றும் வேலையில் ஏழு வருடம். குடும்பத்தை நான்தான் பார்க்கிறேன். இந்த வேலை எப்படியும் முடியப்போகிறது. இப்பவே விட்டுத் தையல்கடை போடலாமா? விட்டால் அரசின் அஸ்வெசும உதவிப்பணம் கிடைக்கும் என்கிறார்கள்.

பதில்: முடியப்போகிற வேலை என்பது சரி. கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையின்படி அவற்றை அகற்றி முடிக்க இலங்கைக்கு 2028 ஜூன் வரை தவணை. ஆனால் முடியும்வரை வரும் சம்பளத்தை முந்திக்கொண்டு ஏன் விடுகிறீர்கள்? உங்கள் ஒப்பந்தம் எந்தத் திகதியில் முடிகிறது என்று பாருங்கள். ஒப்பந்தம் முடிந்து நிற்பதும், ஆட்குறைப்பில் நிற்பதும், நீங்களாக விலகுவதும் காகிதத்தில் மூன்று வேறு விஷயங்கள். வருடா வருடம் இடைவெளியில்லாமல் புதுப்பித்த ஒப்பந்தங்களின் பிரதிகளை எல்லாம் எடுத்து வையுங்கள், ஏழு வருடமும் தொடர்ச்சியான சேவை என்று காட்ட அவைதான் வேண்டும்.

அஸ்வெசும வேலை போன மறுமாதம் வரும் காசு அல்ல. விண்ணப்பம் கோரும் காலத்தில் பதிய வேண்டும், வீடு, காணி, வாகனம், கரண்ட் பாவனை எல்லாம் பார்த்துத்தான் குடும்பத்தைத் தரப்படுத்துவார்கள். சம்பளத்துக்கு மாற்றாக அதைக் கணக்கில் போட வேண்டாம். பதிவு திறந்தால் மட்டும் பிரதேச செயலகத்தில் தவறாமல் பதியுங்கள்.

தையல் பற்றி: கடை போடாமல் வீட்டு விறாந்தையில் ஒரு மெசினோடு இப்போதே தொடங்குங்கள், லீவு நாட்களில். பள்ளிச் சீருடை தை மாதத்தையொட்டியும் சட்டை ரவிக்கை தீபாவளி, பொங்கலையொட்டியும்தான் குவியும். நடுவில் வரும் மாதங்களில் என்ன வருகிறது என்பதை ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள், அந்த மெலிந்த மாதத்து வருமானம்தான் உங்கள் உண்மையான வருமானம். கூலி பாக்கி வைக்கிற அயலவரும் அந்தக் கொப்பியில் தெரிவார்கள்.

குழுக்கடன் எடுத்திருந்தால் அதை அடைத்த பிறகே வேலையை விடுங்கள். கிழமைக்குக் கிழமை கட்டும் கடனில் நீங்கள் தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள்தான் கட்ட வேண்டிவரும். கடனை அடைக்க இன்னொரு குழுவில் சேர்வது வன்னியில் எத்தனை வீட்டை விழுத்தியது என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி (மல்லாவி): அரச அலுவலகத்தில் 8 வருடம். ராஜினாமா செய்துவிட்டு வெளிநாடு போகலாமா?

பதில்: ராஜினாமாவோடு ஓய்வூதிய உரிமையும் போகும். 2022 இல் 14/2022 ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத லீவுக்கு வழி திறந்தது. அது இன்று எந்தத் திருத்தத்தோடு நடைமுறையில் இருக்கிறது, உங்கள் சேவைக்குப் பொருந்துமா என்று நிருவாகக் கிளையில் எழுத்தில் கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் போவதுதான் கெட்ட வழி. பதவியை விட்டு நீங்கியதாகக் கடிதம் வரும், பிணை ஒப்பந்தம் இருந்தால் பிணைகாரர் மாட்டுப்படுவார்.

கேள்வி (முள்ளியவளை): என்ரை மனுசன் கோபத்தில் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். கடிதமும் கொடுக்கவில்லை. கையில் ஐயாயிரம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தங்கச்சி, முதலில் அவரை நாளைக்கே அங்கே அனுப்புங்கள், சண்டைக்கு அல்ல. இரண்டு மூன்று நாள்தான் என்றால் சுகவீனமோ வேறு காரணமோ உண்மையைச் சொல்லித் திரும்பச் சேரலாம். சேரப் பிரியமில்லையென்றால் முறையாகக் கடிதம் கொடுத்து, வேலை செய்த நாட்களின் சம்பளத்தையும் எடுக்காத வருடாந்த லீவின் காசையும் கேட்கட்டும். கடிதமில்லாமல் போனவருக்கு முன்னறிவித்தல் மாதச் சம்பளத்தைக் கழிக்க நியமனக் கடிதத்தில் இடமிருக்கும்.

சீட்டு போடுகிறீர்களா? எடுக்காத சீட்டு என்றால் சீட்டு நடத்தும் தாய்ச்சியிடம் இந்த மாதமே சொல்லி, கழிவு போனாலும் எடுக்கலாமா என்று பாருங்கள், அல்லது இன்னொருவருக்கு மாற்றி விடுங்கள். எடுத்த சீட்டு என்றால் அது கடன், கடன் பட்டியலில் முதல் வரியில் எழுதுங்கள். ஊருக்குள் சீட்டில் பெயர் கெட்டால் கைமாற்றும் கிடைக்காது.

நகையை விற்க முதல் அடகு, அதுவும் வங்கியிலோ கூட்டுறவுக் கிராமிய வங்கியிலோ. பவுணுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்காமல், தேவை எவ்வளவு என்று பார்த்து வையுங்கள். ஒரே பற்றுச்சீட்டில் எல்லாவற்றையும் வைத்தால் ஒரு காப்பை மீட்கவும் முழுக் காசும் வேண்டும். தனித்தனிச் சீட்டாகக் கேளுங்கள். மீட்கும் திகதியைக் கலண்டரில் ஒரு மாதம் முந்திக் குறித்து வையுங்கள். அடகுக் காசில் கடன் கட்டாமல் சாப்பாட்டுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் எடுங்கள், கடன்காரரிடம் தவணை கேட்கலாம், வயிற்றிடம் கேட்க ஏலாது. மனுசன் நாட்கூலிக்கு இறங்க வெட்கப்பட்டால் வவுனியாவிலோ பரந்தனிலோ வேலை பார்க்கட்டும், முள்ளியவளைச் சந்தியில்தான் பார்க்க வேண்டுமென்றில்லை.

கேள்வி (நெடுங்கேணி): விலகல் கடிதத்தில் காரணம் எழுத வேண்டுமா?

பதில்: தேவையில்லை. “இத்தனையாம் திகதி கொடுக்கும் இக்கடிதத்தின்மூலம், நியமனக் கடிதத்தின்படி ஒரு மாத முன்னறிவித்தலுடன், இத்தனையாம் திகதியோடு சேவையிலிருந்து விலகுகிறேன். எனக்குரிய சம்பளம், லீவுக் கொடுப்பனவு, பணிக்கொடை, சேவைச் சான்றிதழ் ஆகியவற்றைத் தந்துதவவும்” என்பது போதும். சம்பளப் பாக்கி இருந்தாலோ நடத்தை தாங்காமல் விலகினாலோ மட்டும் அதை ஒரு வரியில் எழுதுங்கள். அந்த நேரத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று போட்டால் பிறகு நியாய சபையில் அதே வரியை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகத் திகதியும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு பின்னால் குத்தி வையுங்கள். கடைசி நாளில் கொம்பனித் தொலைபேசி, சிம், சாவி, பில் புத்தகம் ஒவ்வொன்றையும் பட்டியலிட்டுக் கொடுத்துக் கையெழுத்து வாங்காமல் வெளியே வராதீர்கள். ஒப்படைக்காத பில் புத்தகம் ஒன்றைச் சாட்டியே பணிக்கொடையை இழுத்தடிக்கும் இடங்கள் உண்டு.